தங்கச்சிமடத்திலிருந்து எம்.ஏ. சமூகவியல்: சேரலாமா, என்ன படிப்போம், என்ன கிடைக்கும்?

தங்கச்சிமடத்துப் பெண் ஒருவர் கேட்டிருக்கிறார். தமிழ் வழியில் பி.ஏ. வரலாறு முடித்திருக்கிறார். அப்பா நாட்டுப்படகில் போகிறவர், அம்மா கடல்பாசி எடுக்கப் போகிறவர். எம்.ஏ. சமூகவியல் படிக்க ஆசை. இளங்கலையில் அந்தப் பாடத்தைத் தொடாமல் சேர முடியுமா, எங்கே சேரலாம், ஆங்கிலம் தடுக்குமா, சொந்த ஊரையே ஆய்வுக்கு எடுக்கலாமா, முடித்தால் என்ன வேலை என்பவை கேள்விகள். சித்தப்பா வேறு "அது சமூக சேவைதானே, அதற்கு எதற்கு இரண்டு வருஷம்?" என்று கேட்டாராம்.

இதே ராமநாதபுரம் மாவட்டத்தில் பிறந்து இந்தப் பாடத்தைப் படித்து, கற்பித்தும் வருகிறவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

முதலில் சித்தப்பாவுக்கு. சமூகப்பணி என்பது எம்.எஸ்.டபிள்யூ., அது தொழில் சார்ந்த படிப்பு. ஒரு குடும்பத்துக்கோ ஊருக்கோ எப்படி உதவுவது என்று பயிற்சி கொடுப்பார்கள். சமூகவியல் அந்தக் குடும்பமும் ஊரும் ஏன் அப்படி இருக்கின்றன என்று கேட்கும். வேலை உடனே வேண்டும் என்றால் எம்.எஸ்.டபிள்யூ. கொஞ்சம் கைகொடுக்கும், அதை மறைக்க மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதிய கேள்வியிலேயே "எங்க ஊர்ல மட்டும் பொம்பளைங்க ஏன் ஏலக்கூடத்துல நிக்க மாட்டாங்க" என்று ஒரு வரி இருக்கிறது. அப்படிக் கேட்கிறவர் சமூகவியலுக்குத்தான் போக வேண்டும்.

சேர்க்கை பற்றிக் கவலை வேண்டாம். தமிழ்நாட்டில் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் எந்த இளங்கலைப் பட்டத்தோடும் எம்.ஏ. சமூகவியலில் சேர்த்துக்கொள்கின்றன. வரலாறு படித்தவருக்கு ஒரு சாதகமும் உண்டு, ஆவணத்தைப் பார்த்தால் மிரளமாட்டார். பக்கத்தில் என்றால் மதுரை காமராசர் பல்கலைக்கழகம், திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார், திருச்சியில் பாரதிதாசன். இன்னும் தள்ளிப் போனால் சென்னைப் பல்கலைக்கழகம், அண்ணாமலை, சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம். புதுச்சேரி, ஹைதராபாத், ஜே.என்.யூ. போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு க்யூட் பி.ஜி. நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். வீட்டை விட்டு நகரவே முடியாது என்றால் இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) தொலைநிலையில் எம்.ஏ. சமூகவியல் இருக்கிறது. அதன் பாடப் புத்தகங்கள் நன்றாகவே எழுதப்பட்டவை, வேறு எங்கே சேர்ந்தாலும் அவற்றை இறக்கிப் படியுங்கள். ஆனால் இந்தப் பாடத்தின் பாதி வகுப்பில் வாதாடுவதில்தான் இருக்கிறது. முடிந்தால் நேரில் போய்ப் படியுங்கள் என்பேன்.

இரண்டு வருடம், நான்கு பருவம். ஒவ்வோர் இடத்திலும் தாள்களின் பெயர் மாறும், சாரம் மாறாது. செவ்வியல் கோட்பாடு, தற்காலக் கோட்பாடு, ஆய்வு முறையியல், கொஞ்சம் புள்ளியியல், இந்தியச் சமூகம், அப்புறம் ஊரகம், பாலினம், தொழில், மக்கள்தொகை, சுற்றுச்சூழல் என்று விருப்பத் தாள்கள், கடைசியில் ஆய்வேடு. பையன்களும் பெண்களும் பயப்படுவது முதல் தாளுக்கு. சமூகவியலுக்கு அடித்தளம் போட்ட மார்க்ஸ், துர்கேம், வேபர் மூவரையும் பார்த்ததும் "இவர்களுக்கும் பாம்பனுக்கும் என்ன சம்பந்தம்" என்று தோன்றும். சம்பந்தம் இருக்கிறது. இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், ஏனென்றால் இந்த இடத்தில்தான் பாதிப் பேர் மனப்பாடத்துக்குப் போய்விடுகிறார்கள்.

உங்கள் அப்பாவுக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வோம். படகு வைத்திருப்பவர் வியாபாரியிடம் முன்பணம் வாங்குகிறார். அதற்குப் பிறகு பிடிக்கிற மீனை, நண்டை அவரிடமே போட வேண்டும், விலையும் பெரும்பாலும் அவர் சொல்வதுதான். மார்க்ஸ் படித்த மாணவர் உடனே "சுரண்டல்" என்று எழுதிவிடுவார். தவறில்லை. ஆனால் படகுக்காரரிடமே போய்க் கேளுங்கள். "மகள் கல்யாணத்துக்கு அவர்தான் கொடுத்தார், ஆஸ்பத்திரிக்கு அவர்தான் கொடுத்தார், எந்த பேங்க் கொடுக்கும்?" என்பார். இங்கே 1925இல் பிரெஞ்சு அறிஞர் மார்செல் மாஸ் கொடையைப் பற்றி எழுதியது உதவும். கொடுப்பது, வாங்கிக்கொள்வது, திருப்பிச் செய்வது ஆகிய மூன்றுமே கடமைகள், மறுத்தால் உறவு அறுந்துபோகும் என்றார் அவர். நம் வீட்டு மொய் நோட்டைப் புரட்டினால் அவர் சொன்னது அப்படியே தெரியும். முன்பணம் கடனா, கொடையா? இரண்டும் என்றால் எந்த நேரத்தில் எது? வேபரைப் படித்தவர் இன்னொன்றும் கேட்பார்: இந்த அதிகாரத்தைப் படகுக்காரர் ஏன் நியாயமானது என்று ஏற்றுக்கொள்கிறார்? ஒரே நடைமுறை, மூன்று பேர் மூன்று விதமாகப் பார்க்க வைக்கிறார்கள். கோட்பாட்டுத் தாள் இதற்குத்தான்.

இன்னொன்று. 1968இல் கேரட் ஹார்டின் என்பவர், எல்லோருக்கும் பொதுவான வளத்தை ஆளாளுக்கு எடுத்து அழித்துவிடுவார்கள், அதனால் அரசோ தனியாரோ கையில் எடுக்க வேண்டும் என்று எழுதினார். எலினார் ஆஸ்ட்ரோம் 1990இல் அதற்கு எதிராக உலகம் முழுவதிலிருந்தும் சான்று காட்டினார்: பயன்படுத்துகிறவர்களே விதி வைத்துக் காப்பாற்றிய இடங்கள் நிறைய இருக்கின்றன. 2009இல் அவருக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது. வகுப்பில் இதற்கு நேபாளத்து வாய்க்காலையும் சுவிஸ் மலை மேய்ச்சலையும் உதாரணம் சொல்வார்கள். உங்கள் வடகடலில், அதாவது பாக் நீரிணைப் பக்கம், வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, மற்ற நாட்களில் நாட்டுப்படகு என்று ஓர் ஏற்பாடு இருக்கிறதே, அதைப் போய் வகுப்பில் சொல்லுங்கள். சண்டையும் வலை அறுப்பும் நடந்த பிறகு வந்த ஏற்பாடு அது. இத்தனை நாள் நீடித்தது எப்படி, யார் மீறுகிறார்கள், மீறினால் யார் தட்டிக்கேட்கிறார்கள், கடலுக்குப் போக மீன்வளத் துறை கொடுக்கும் அனுமதி டோக்கன் அதில் என்ன செய்கிறது? அப்புறம், அந்தப் பேச்சுவார்த்தைகளில் உட்கார்ந்தவர்களில் ஒரு பெண்ணாவது இருந்தாரா? கடைசிக் கேள்வி ஒன்றே ஓர் ஆய்வேட்டுக்குப் போதும்.

ஆய்வேடு என்றதும் உங்கள் பெரிய கேள்வி வந்துவிடுகிறது. சொந்த ஊரை எடுக்கலாமா?

நம் கரையை எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும் என்று நினைக்கிறேன். எந்த ஊர் என்பதில் மட்டும் ஒரு யோசனை உண்டு, பின்னால் சொல்கிறேன். குமரி மீனவர்களைப் பற்றி கல்பனா ராம் 1991இலும் அஜந்தா சுப்பிரமணியன் 2009இலும் முழு நூல்களே வெளியிட்டுவிட்டார்கள். நம் மாவட்டத்தின் உள்பக்கத்துக்கும் ஆள் வந்தார்: மானுடவியலாளர் டேவிட் மோஸ் 1980களில் தங்கி ஆய்வு செய்து, ராமநாதபுரம் சிவகங்கைக் கண்மாய்களைப் பற்றி 2003இல் விரிவாக எழுதினார். கரையோரத்தைப் பற்றி வந்தவற்றில் பெரும்பகுதி மீன்வளம், பவளப்பாறை, எல்லைப் பிரச்சினை. கரையில் வாழ்கிறவர்களின் உறவுமுறை, கடன், கோயில், கல்யாணம், சாதி பற்றி எழுத இன்னும் நிறைய இடம் இருக்கிறது.

ஆனால் ஊர்க்காரராக இருப்பதில் ஒரு சிக்கல் உண்டு. மரிக்கொழுந்துப் பாசி எது, கஞ்சிப் பாசி எது, கட்டக்கோரை எது என்று உங்களுக்குக் கேட்காமலே தெரியும். விரலில் துணி ஏன் சுற்றுகிறார்கள் என்று தெரியும். தெரியும் என்பதால் கேட்க மாட்டீர்கள். கேட்டாலும் "ஏன் புள்ள, உனக்குத் தெரியாதா?" என்று சிரித்துவிடுவார்கள். வெளியூர்க்காரர் அசட்டுத்தனமாகக் கேட்டு வாங்கிவிடும் பதில் உங்களுக்குக் கிடைக்காது. அதைவிட முக்கியமானது, நீங்கள் யார் வீட்டுப் பெண் என்று எல்லோருக்கும் தெரியும். அப்பாவோடு பேச்சுவார்த்தை இல்லாத குடும்பம் உங்களிடம் மனம் திறக்காது. வேறு சாதித் தெருவில் உங்களுக்குக் கிடைக்கும் பதில் உங்களுக்காகத் தயாரிக்கப்பட்ட பதிலாக இருக்கும். இதற்கு நான் மாணவர்களுக்குச் சொல்லும் வழி, சொந்த ஊரையே எடுக்காமல் தொழில் ஒன்றாகவும் ஊர் வேறாகவும் இருக்கிற இடத்தை எடுப்பது. தங்கச்சிமடத்துப் பெண் ஏர்வாடிப் பக்கம் போகலாம், பெரியபட்டினம் போகலாம். பேச்சு புரியும், ஆனால் எல்லாம் தெரிந்தவர் என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

பாசி எடுக்கும் பெண்களை எடுத்தால் இன்னொரு பொறுப்பும் சேர்ந்துவிடும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. தீவுப் பக்கம் போவது சட்டச் சிக்கலான விஷயம். ஒரு அக்கா நம்பிக்கையோடு "எந்தத் தீவுக்கு, எப்போது" என்று சொன்னதை நீங்கள் அப்படியே ஆய்வேட்டில் எழுதிவிட்டால், அது யார் கைக்கும் போகலாம். பெயரை மாற்றினால் போதும் என்று முறையியல் புத்தகம் சொல்லும். சின்னக் குடியிருப்பில் அது போதாது. "ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் குடியிருக்கும், கணவரை இழந்த, 52 வயதுப் பெண்" என்று எழுதினால் பெயரே தேவையில்லை, ஊரே கண்டுபிடித்துவிடும். வயதை மாற்றுங்கள், இடத்தை மங்கலாக்குங்கள், ஒருவர் கதையை இரண்டு பேருடையதாகப் பிரித்துச் சொல்லுங்கள். சில விஷயங்களை எழுதாமலே விடுங்கள். மதிப்பெண்ணுக்காக அவர்களை மாட்டிவிடக் கூடாது. அதே பெண்கள் மாதத்தில் எந்த நாட்களில் பாசிக்குப் போவது, எப்போது நிறுத்துவது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டதையும் பார்க்கலாம். நான் மேலே சொன்ன ஆஸ்ட்ரோம் இங்கேயும் வருவார். எழுதுவதற்கு அதுவே நல்ல, யாருக்கும் பாதகமில்லாத தொடக்கம்.

வினாப்பட்டியல் விஷயத்தில் கண்டிப்பாக இருப்பேன். நகரத்துக்குத் தயாரித்த படிவத்தை நகலெடுத்துக்கொண்டு கடற்கரைக்கு வராதீர்கள். "மாத வருமானம்" என்று ஒரு கட்டம் இருக்கும். கடலில் மாதச் சம்பளம் ஏது? பங்கு இருக்கிறது. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழித்து, படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, மிச்சம் ஆட்களுக்கு. இந்தக் கணக்கும் படகுக்குப் படகு, ஊருக்கு ஊர் மாறும். "கடைசியாகக் கடலுக்குப் போய் வந்தது எப்போது, அன்றைக்குக் கைக்கு என்ன வந்தது, அதற்கு முந்தின தடவை?" என்று கேட்டால் உண்மைக்குக் கிட்டத்தில் வரலாம். "குடும்பத் தலைவர்", "தனிக் குடும்பமா கூட்டுக் குடும்பமா" என்ற கட்டங்களும் அப்படித்தான். கீழக்கரையில் மகளுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வரும் வழக்கம் இருக்கிறது. மாப்பிள்ளை துபாயில் இருப்பார், வீட்டை நடத்துவது தாயும் மகளும். அந்தக் குடும்பத்தை எந்தக் கட்டத்தில் டிக் போடுவீர்கள்? போட முடியவில்லை என்றால் தவறு குடும்பத்தில் இல்லை, படிவத்தில். அதையே ஆய்வேட்டில் ஒரு பத்தியாக எழுதினால் தேர்வாளர் நிமிர்ந்து உட்காருவார்.

காலத்தையும் பார்த்து வையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், அது உங்கள் கோடை விடுமுறையோடு ஒத்துப்போகும். விசைப்படகு ஆட்கள் அப்போது கரையில் இருப்பார்கள், உட்கார்ந்து பேசுவார்கள். வசதிதான். ஆனால் அந்த இரண்டு மாதத்தில் மட்டும் கேட்டால் எல்லோரும் எப்போதும் கடனில் இருப்பதாகவும் எப்போதும் சீட்டாடுவதாகவும் எழுதிவிடுவீர்கள். வாடைக் காலத்தில் ஒரு முறையாவது போய்ப் பார்க்க வேண்டும். குறிப்புகளை அன்றன்றைக்கே தமிழில், அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். சம்மாட்டி என்று சொன்னால் சம்மாட்டி என்றே எழுதுங்கள், "படகு உரிமையாளர்" என்று அழகுபடுத்தாதீர்கள். இரண்டு படி வைத்துக்கொள்ளுங்கள். சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் தன் கிராமக் குறிப்புகளை ஸ்டான்ஃபோர்டில் 1970இல் தீயில் இழந்து, பிறகு நினைவிலிருந்து புத்தகம் எழுதினார். அவருக்கு முடிந்தது, நமக்கு முடியாது.

ஆவணங்களுக்கு மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மீனவர் கணக்கெடுப்பு முக்கியம். 2005, 2010, 2016 ஆண்டுகளில் எடுத்தார்கள். 1947இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் தலைமையகம் பல வருடம் உங்களுக்குப் பக்கத்தில், மண்டபம் முகாமில்தான் இருந்தது. பாம்பனிலிருந்து ஒலிபரப்பாகும் கடல் ஓசை சமுதாய வானொலியைக் கேளுங்கள், மீனவர் பேச்சு எப்படி இருக்கிறது என்பதை வெளியூர் ஆசிரியருக்குக் காட்ட அது உதவும். பழைய புள்ளிவிவரங்களில் ஒரு கண்ணி இருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டம் 1910இல் உருவானது, 1985இல் மூன்றாகப் பிரிந்தது. அதற்கு முந்தைய எந்த அட்டவணையிலும் "ராமநாதபுரம்" என்றால் சிவகாசி, ராஜபாளையம், சிவகங்கை, காரைக்குடி எல்லாம் சேர்த்துத்தான். அதை அப்படியே இன்றைய மாவட்டத்தோடு ஒப்பிட்டு "எழுத்தறிவு இவ்வளவு உயர்ந்தது" என்று எழுதிய ஆய்வேடுகளைப் பார்த்திருக்கிறேன். வரலாறு படித்த நீங்கள் அந்தக் கண்ணியில் விழ வேண்டியதில்லை.

ஆங்கிலம். பாடம் நடத்துவது பெரும்பாலும் ஆங்கிலத்தில், ஆனால் ஆசிரியர்கள் தமிழில் விளக்காமல் இருப்பதில்லை. தேர்வைத் தமிழில் எழுத விடுகிறார்களா என்று சேரும் முன்பே துறையில் கேட்டுவிடுங்கள், பல இடங்களில் விடுகிறார்கள். இருந்தாலும் வாசிப்பைத் தமிழுக்குள் அடைத்துக்கொள்ள முடியாது. முதல் பருவத்தில் ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் படித்தால் போதும், ஆனால் மூல நூலிலிருந்து. வழிகாட்டிப் புத்தகச் சுருக்கம் படித்து வளர்ந்தவர்களுக்கு நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே மூச்சு வாங்குகிறது. தவிர, கல்லூரி ஆசிரியர் பணிக்கான தகுதித் தேர்வான யுஜிசி நெட்டில் சமூகவியல் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான் வரும். கல்லூரி ஆசிரியர் ஆக நினைத்தால் தப்ப வழியில்லை.

வேலைக்கு வருகிறேன். பூசி மெழுகாமல் சொன்னால், "சமூகவியலாளர் தேவை" என்று விளம்பரம் வருவது அபூர்வம். தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளியில் சமூகவியல் தனிப் பாடமாக இல்லை, அதனால் பள்ளி ஆசிரியர் வழி அடைப்பு. கல்லூரிக்கு நெட் அல்லது மாநிலத்தின் செட் வேண்டும், இப்போது முனைவர் பட்டமும் இருந்தால்தான் போட்டியில் நிற்க முடியும், அப்போதும் நிரந்தரப் பணியிடம் அரிது. கௌரவ விரிவுரையாளராகப் பல வருடம் ஓட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். நெட்டில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர் தகுதி) கிடைத்தால் நிலைமை வேறு: 2023இலிருந்து மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, ஆய்வு செய்துகொண்டே வீட்டுக்கும் அனுப்பலாம். பொதுப் பிரிவுக்கு 30 வயது வரம்பு, பெண்களுக்கும் ஓபிசி, எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கும் ஐந்து வருடத் தளர்வு உண்டு. அதனால் இரண்டாம் வருடத்திலிருந்தே எழுதத் தொடங்குங்கள்.

குடிமைப் பணித் தேர்வில் சமூகவியலை விருப்பப் பாடமாக நிறையப் பேர் எடுக்கிறார்கள். இரண்டு தாள், மொத்தம் 500 மதிப்பெண், தமிழிலும் எழுதலாம். ஆனால் ஐ.ஏ.எஸ்.ஸுக்காகவே எம்.ஏ. சேர்வதை நான் ஆதரிக்க மாட்டேன், அதற்கு இளங்கலையே போதும். குழந்தைகள் பாதுகாப்பு, பெண்கள் நலம் சார்ந்த மாவட்ட அளவிலான ஒப்பந்தப் பணிகளில் சமூகப்பணியோடு சமூகவியலையும் தகுதியாகக் கேட்பதுண்டு. சம்பளம் அதிகமில்லை, அனுபவம் நிறைய. நிலம் எடுக்கும்போது சமூகத் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம், சில விலக்குகளோடு, சொல்கிறது. கடற்கரையில் துறைமுகம், பாலம், மின்திட்டம் என்று வந்துகொண்டே இருப்பதால் அந்தக் குழுக்களுக்கு மக்களிடம் பேசத் தெரிந்த, புள்ளிவிவரமும் தெரிந்த ஆள் தேவைப்படுகிறது. இங்கேதான் புள்ளியியலைத் தூக்கிப் போட்டவர்கள் வெளியே நிற்கிறார்கள். எக்ஸெல், புள்ளியியல் மென்பொருளான எஸ்.பி.எஸ்.எஸ். இரண்டையும் படிக்கும்போதே கற்றுக்கொண்டால் கணக்கெடுப்புத் திட்டங்களில் கண்காணிப்பாளராகவாவது நுழைந்துவிடலாம்.

பணத்துக்கு இரண்டு வழி பாருங்கள். குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் பி.சி., எம்.பி.சி. மாணவர்களுக்கான கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். அப்பா மீனவர் நல வாரிய உறுப்பினராக இருந்தால் முதுகலைக்கும் அங்கே உதவி உண்டு. உறுப்பினர் அட்டை புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று இந்த வாரமே கேளுங்கள், பலர் வீட்டில் அது பெட்டிக்குள் காலாவதியாகிக் கிடக்கும்.

மத்தியப் பல்கலைக்கழகத்துக்கும் போட்டுப் பார்க்க நினைத்தால் சீக்கிரம் தொடங்க வேண்டும். க்யூட் பி.ஜி. தேர்வு சமீப வருடங்களில் மார்ச்சில் நடக்கிறது, விண்ணப்பம் அதற்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே முடிந்துவிடும். மாநிலப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் ஏப்ரலுக்கு மேல்தான் அறிவிப்பு விடும். உங்களிடம் இருக்கும் மாநிலச் சாதிச் சான்றிதழ் மத்தியப் பல்கலைக்கழகத்துக்குச் செல்லாது. மத்திய அரசு வடிவத்தில் ஓபிசி சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும், அது நடப்பு நிதியாண்டுக்கு உரியதாகவும் இருக்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வருவாய்த் துறையில் நகர்ந்து வர நாளாகும், கலந்தாய்வு நேரத்தில் அலைந்தால் இடம் போய்விடும். பட்டச் சான்றிதழ் இன்னும் கைக்கு வராவிட்டால் தற்காலிகச் சான்றிதழும் ஆறு பருவ மதிப்பெண் பட்டியலும் போதும்.